லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு: பாகவதரும் என்.எஸ்.கே.யும் நிரபராதிகளா, தப்பித்தவர்களா?

புரசைவாக்கம் பேரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு புரசைவாக்கம் வெள்ளாளர் தெருப் பக்கம். தாத்தாவுக்கு 90 வயது தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது என் தம்பி போனில் ஒரு வீடியோ போட்டான். "சூப்பர் ஸ்டார் செய்த கொலை" என்று தலைப்பு. பாகவதர் படத்தை வைத்து, ரத்தம் வழிவது மாதிரி எழுத்து. தாத்தா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் ராத்திரிதான் பேசினார். "நான் பத்து வயசுப் பையன்டா. வேப்பேரியில குத்திட்டாங்கன்னு தெருவே பேசுச்சு. அவர் நிரபராதின்னு கோர்ட்டு சொல்லிச்சு. இன்னும் எத்தனை வருஷம் அவரைக் கொலைகாரன்னு சொல்லுவானுங்க?" என்றார்.

எனக்கு இந்த வழக்கைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். ஒரு தளத்தில் பணக்காரர்கள் லண்டன் வரைக்கும் போய்த் தப்பித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் பொய் வழக்கு என்கிறார்கள். செத்துப்போன லக்ஷ்மிகாந்தன் யார், அவர் பத்திரிகையில் அப்படி என்னதான் எழுதினார்? தீர்ப்பு உண்மையில் என்ன சொன்னது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தாத்தாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கிராமபோன் பிரியன் எழுதியது:

முதலில் தாத்தாவுக்கு என் நமஸ்காரம். அவர் தட்டை நகர்த்தியது நியாயம்.

அந்த ஆட்கள் அன்றைக்கு எந்த உயரத்தில் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அப்போது 34 வயது. 1944 அக்டோபரில் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் சொல்கிறோம் இல்லையா, அந்த மூன்றில் முதல் தீபாவளிக்கு மட்டும்தான் அவர் வெளியில் இருந்தார். மற்ற இரண்டு தீபாவளிக்கும் சிறையில். திரையில் அவர் பாடிக்கொண்டிருந்த அதே பிராட்வேயிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஹைகோர்ட். அங்கேதான் அவருக்கு ஆயுள் தண்டனை சொன்னார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

என்.எஸ். கிருஷ்ணனும் அப்படித்தான், தமிழ்நாடே அவர் சொன்னால் சிரித்தது. கூடவே கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவையும் கைது செய்தார்கள். அவர் விசாரணையிலேயே விடுதலை ஆகிவிட்டார்.

என் பாட்டி பாகவதர் பாட்டுத் தட்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். அவர் உள்ளே இருந்த வரைக்கும் போடவில்லையாம். அந்தத் தட்டுகளில் இரண்டு இப்போது என்னிடம் இருக்கின்றன. வழக்கு விவரம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வடசென்னைக்காரன் எழுதியது:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், மன்னிக்கவும். பாட்டுக்காக ஒரு கொலையை மறந்துவிட முடியுமா? நட்சத்திரங்கள் மேல் நமக்கு இருக்கிற பக்தியில் செத்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல உட்கார்த்தி வைத்த ஊர்க்காரர்கள் குழுவான ஜூரி குற்றவாளி என்றது. ஹைகோர்ட்டும் ஒருமுறை உறுதி செய்தது. பிறகு பெரிய வக்கீல்களை வைத்து வெளியே வந்தார்கள். வட்டாரத்தில் ஒரு ஏழை ரிக்‌ஷாக்காரன் இதே வழக்கில் மாட்டியிருந்தால் அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போயிருப்பானா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தம்புச்செட்டித் தெரு குமாஸ்தா எழுதியது:

தம்பி, நான் வக்கீல் குமாஸ்தாவாக 38 வருஷம் தம்புச்செட்டித் தெருவில் இருந்தவன். கேஸ் கட்டு கட்டுவது, டைப் அடித்ததைச் சரிபார்ப்பது, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவது, இதுதான் என் தொழில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த வழக்கு முடிந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வராந்தாவில் இதைப் பேசாத கிழவர்களே கிடையாது. பேச்சை நம்பாமல் சட்ட அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

லக்ஷ்மிகாந்தன் முன்பே ஒரு போர்ஜரி வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர். 1943இல் 'சினிமா தூது' என்று பத்திரிகை ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம், பெரிய மனிதர்களின் வீட்டு விஷயம், இதுதான் அதில் சரக்கு. யுத்த காலம், காகிதத்துக்குக் கட்டுப்பாடு, பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். பாகவதர், என்.எஸ்.கே., ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்து அந்த லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். ஆள் விடவில்லை, 'இந்து நேசன்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். இந்த மனுதான் பிற்பாடு அவர்கள் கழுத்துக்கே கயிறாக வந்தது. பகைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் அரசுத் தரப்பு இதைத்தானே எடுத்துக் காட்டும்?

1944 அக்டோபரில் லக்ஷ்மிகாந்தன் ஒரு முறை தாக்கப்பட்டார். நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டு ரிக்‌ஷாவில் திரும்புகிறபோது வழிமறித்துக் குத்தினார்கள். உடனே சாகவில்லை, பேசுகிற நிலையில்தான் இருந்தார். மறுநாள் ஜெனரல் ஹாஸ்பிடலில் உயிர் போனது. டிசம்பர் கடைசியில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது.

ஹைகோர்ட் செஷன்ஸில் நீதிபதி மாக்கெட், ஒன்பது பேர் ஜூரி. கிருஷ்ணனுக்காக பம்பாயிலிருந்து கே.எம். முன்ஷி வந்தார். 1945 மே 3ஆம் தேதி தீர்ப்பு. ஒன்பதில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஆறுக்கு மூன்று, அதற்கு ஆயுள் தண்டனை. சட்டப் புத்தகத்தில் அதற்குப் பெயர் நாடு கடத்தல். அந்தமான் அப்போது ஜப்பான்காரன் கையில் இருந்ததால் கடத்த நாடு இல்லை, இங்கேயே சிறை.

அதே வருஷம் தலைமை நீதிபதி லயனல் லீச் இருந்த அமர்வு அப்பீலைத் தள்ளியது. என்.எஸ்.கே.யின் மனைவி டி.ஏ. மதுரம் விடவில்லை. லண்டன் ப்ரிவி கவுன்சிலுக்குப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் வடசென்னை நண்பரும் வீடியோக்காரர்களும் தவறு செய்கிறார்கள். ப்ரிவி கவுன்சில் அவர்களை விடுதலை செய்யவில்லை. அப்பீலை மறுபடி சரியாக விசாரியுங்கள் என்று மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. திருப்பி விசாரித்தவர்கள் ஹாப்பல், ஷகாபுதீன் என்ற இரண்டு நீதிபதிகள். வி.எல். எத்திராஜ் வாதாடினார். சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடைபோட்டு, 1947 ஏப்ரலில் விடுதலை என்றது சென்னையில் உட்கார்ந்திருந்த கோர்ட்தான். ஆக, லண்டனுக்குப் போய்த் தப்பித்தார்கள் என்பது உண்மை இல்லை. தாத்தாவிடம் சொல்லுங்கள், அவர் நினைவு சரி.

அவர் பத்திரிகையில் என்னதான் எழுதினார் என்று கேட்டீர்கள். இப்படி அந்தரங்கத்தை எழுதுகிற மஞ்சள் பத்திரிகை எப்படி நடக்கும் என்பதையும் சொல்கிறேன். விற்பனையில் அதற்குப் பெரிய காசு கிடையாது தம்பி. அச்சிடாமல் இருப்பதில்தான் காசு. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1986 என்று நினைவு. எங்கள் சீனியரிடம் ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க எடுக்கிற ஒரு 'காலி' (galley) புரூஃபை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீளமான காகிதம், ஒரே பத்தி, மை இன்னும் காயவில்லை. என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அவர் மருமகளைப் பற்றி எழுதியிருந்தது. பெயர் இல்லை, ஆனால் தெருவும் மண்டபமும் வாசலில் நிற்கிற காரின் நிறமும் இருந்தது. அந்தத் தெருவில் யார் படித்தாலும் யார் என்று தெரிந்துவிடும். வருகிற வெள்ளிக்கிழமை இதழில் வரும், வேண்டாமென்றால் ஐயாயிரம் கொடு என்று சொல்லியிருந்தார்கள்.

சீனியர் பொறுமையாகச் சொன்னார்: இது மிரட்டிப் பறித்தல், 384ஆம் பிரிவு, இந்த புரூஃபே போதும், இப்போதே எஸ்பிளனேடு ஸ்டேஷனுக்குப் போகலாம். மண்டபக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "கம்ப்ளெய்ன்ட் கொடுத்தா அதுவே நியூஸ் ஆயிடும் சார். அந்தப் பொண்ணு தாங்காது" என்றார். அந்த மனிதர் அழுததை நான் பார்த்தேன்.

பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திய ஆள், மரியாதையாகத்தான் பேசினார். கவரைப் பிரித்து எண்ணினார். அப்புறம், "கம்போஸ் பண்ணின கூலி நூத்திருபது தனி" என்றார். என் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காசு போனது பெரிதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஆளை எதுவும் கேட்காமல் வந்தேனே என்று இன்றைக்கும் ஆத்திரம் இருக்கிறது.

ஆகவே 'சினிமா தூது' வாசலில் எத்தனை பேர் கவரோடு நின்றிருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியும். லக்ஷ்மிகாந்தன் மேல் கோபம் இருந்தவர்கள் மூன்று பேர் மட்டும்தானா? கவர்னருக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் தன் பகையைச் சர்க்கார் ஃபைலிலேயே பதிந்து வைத்துவிட்டான். கையெழுத்துப் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களை யார் தேடுவார்கள்?

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

குமாஸ்தா ஐயா, மிக்க நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், எங்களுக்கு வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லியிருக்கிறார்கள்.

அரசுத் தரப்பின் முக்கியமான தூண் ஜெயானந்தன் என்ற அப்ரூவர். அதாவது நானும் கூட இருந்தேன் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவர். பழைய சாட்சியச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள். உடந்தையாக இருந்தவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்கிறது 133. அப்படிப்பட்டவரை முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் இல்லாமல் நம்பக்கூடாது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 114இல் வருகிற ஓர் உதாரணம். அனுபவமுள்ள நீதிபதிக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பழக்கம். பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்!

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தில் அந்த 133, 138ஆம் பிரிவாக வந்து மாறிவிட்டது. வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட அப்ரூவர் சாட்சியம் என்றுதான் இப்போது வாசகமே இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாகவதர்தான்.

ஜூரி முறையையும் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் எடுத்துவிட்டது.

வடசென்னைக்காரன் எழுதியது:

லண்டன் விஷயத்தில் நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழைக்கு இந்த வாய்ப்பு கிடைத்திருக்குமா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது ஐயா. விடுதலை என்றால் நிரபராதி என்று அர்த்தமா, நிரூபிக்கவில்லை என்று அர்த்தமா?

தம்புச்செட்டித் தெரு குமாஸ்தா எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். குற்றம் நிரூபணமாகிற வரைக்கும் எவனும் நிரபராதி என்றுதான் சட்டம் ஆரம்பிக்கிறது. நிரூபணமாகவில்லை என்றால் ஆரம்பித்த இடத்திலேயே அவன் நிற்கிறான். நிரபராதி என்று தனியாக ஒரு சர்டிபிகேட் எந்தக் கோர்ட்டும் அச்சடித்து வைத்திருப்பதில்லை. எனக்கும் உங்களுக்கும்கூட அப்படி ஒன்று யாரும் கொடுத்ததில்லை.

ஏழைக்குக் கிடைத்திருக்காது. அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அப்ரூவர் சொன்னதை மட்டும் வைத்து உள்ளே போய், அப்பீலுக்குப் பணம் இல்லாமல் அங்கேயே நரைத்தவர்களின் கட்டுகளை நான் கையால் கட்டியிருக்கிறேன். சிவப்பு நாடா போட்டு முடிச்சுப் போடும்போது கை நின்றுவிடும். அதற்காக, அநியாயத்திலிருந்து வெளியே வந்த இரண்டு பேரை மறுபடி உள்ளே தள்ளினால் அந்த ஏழைக்கு என்ன கிடைக்கும்?

அப்புறம் நீங்கள் முதலில் எழுதியதில் ஒரு வரி எனக்குப் பிடித்தது. செத்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்றீர்கள். உண்மை. லக்ஷ்மிகாந்தன் நல்லவர் இல்லை. ஆனால் பெண்களின் மானத்தை விற்றான் என்பதால் நடுத்தெருவில் குத்தலாம் என்று ஆகிவிடாது. அவன் செத்தது நல்லது என்று எழுதுகிற ரசிகர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. பாகவதர் கொலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே, கொலை செய்தது சரிதான் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும்?

ஒன்பது பேர் ஜூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் இந்த ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். டிசம்பரில் கைது, மே மாதம் தீர்ப்பு. நடுவில் அத்தனை மாதமும் சலூனிலும் டிராமிலும் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று எங்கள் கிழவர்கள் சொல்வார்கள். அத்தனையையும் காதில் போட்டுக்கொண்டுதான் அந்த ஒன்பது பேரும் பெட்டிக்குள் ஏறியிருப்பார்கள். அப்படியும் மூன்று பேர் இல்லை என்று சொன்னார்களே, அந்த மூன்று பேரை நினைத்து நான் பலமுறை கும்பிட்டிருக்கிறேன். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

கிராமபோன் பிரியன் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டேன். கீறல்தான் அதிகம், குரல் அதற்கு மேலே போகிறது.

வெளியே வந்த பிறகு பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. படங்கள் ஓடவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி போனார், ஐம்பதுகூட ஆகவில்லை. என்.எஸ்.கே. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1957 ஆகஸ்டில், 48 வயதில். வாலாஜா சாலையில் அவர் பெயரில் இருக்கிற கலைவாணர் அரங்கத்தைத் தாண்டும்போது யாராவது சின்னப் பிள்ளை கூட இருந்தால் நான் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

புரசைவாக்கம் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் தாத்தாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். காது சரியாகக் கேட்காது, அதனால் கத்தித்தான் படித்தேன், பக்கத்து வீட்டு அக்காவும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆறுக்கு மூன்று என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "மூணு பேர் இல்லன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அது அவருக்கு இத்தனை வருஷம் தெரியாது.

டீக்கடைக் கதையில் அந்த மருமகள் அப்புறம் எப்படி இருந்தார் என்று கேட்கச் சொன்னார். என் தம்பி வீடியோவுக்குக் கீழே, விடுதலை ஆன தேதியையும் நீதிபதிகளின் பெயரையும் எழுதிவிட்டு வந்திருக்கிறான்.

தம்புச்செட்டித் தெரு குமாஸ்தா எழுதியது:

அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லுங்கள். அவள் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, போய் வந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தம்பி, அசலாகப் பார்க்க ஆசை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வார நாளில் ஒரு காலை வேளை வருவதானால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மாணவிக்கும் ஒரு வார்த்தை, அப்பீல் தீர்ப்புகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிம்மா. 1945இல் தள்ளியதையும் 1947இல் விட்டதையும். முதலில் இரண்டாவதைப் படி.